டத்சனா, சாகாவா, கஞ்சிலா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் பழைய காடிப் (கார்) பைத்தியங்கள் நாலு பேர் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தால், பேச்சு கடைசியில் மூன்றில்தான் வந்து நிற்கும்: டத்சன் 120ஒய், முதல் தலைமுறை புரோட்டோன் சாகா, பெரோடுவா கஞ்சில். ஒவ்வொரு கட்சியும் மற்ற இரண்டையும் மட்டம் தட்டாமல் எழுந்து போகாது. வீட்டில் ஒரே காடிதான் என்றால் நான் சாகா கட்சி. காரணத்தைக் கேளுங்கள்.

டத்சன்காரர்களின் பெருமையில் நியாயம் இருக்கிறது. 1171 சிசி ஏ12 எஞ்சின், பின் சக்கர இழுவை, பின்னால் பட்டை ஸ்பிரிங். செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் நாலு மூட்டை உரம் ஏற்றினாலும் அந்த ஸ்பிரிங் முனகாமல் போகும். எஞ்சினின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் சங்கிலி தளர்ந்தால் முன்கூட்டியே சத்தம் போட்டுச் சொல்லும். சாகாவிலும் கஞ்சிலிலும் அந்த இடத்தில் இருப்பது பெல்ட்; அது சொல்லாமல் அறும். ஆனால் 120ஒய்யின் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பாருங்கள்: கொஞ்சம் திருப்பினாலும் சக்கரம் உடனே கேட்காது, யோசித்துவிட்டுத்தான் வரும். பழகியவர்கள் அதையும் அழகு என்பார்கள்! எஞ்சின் சாமான்கூடத் தேடினால் கிடைக்கும். கதவு ரப்பர், விளக்குக் கண்ணாடி, உள்பக்கத் துண்டுகள் என்றால் பொத்தோங் கடை (பழைய காடியைப் பிரித்துச் சாமான் விற்கும் கடை) கடையாக அலைய வேண்டும்.

கஞ்சில் 1994இல் வந்தது, டைஹாட்சு மிராவின் உடம்போடு. 660 சிசி, 850 சிசி என்று இரண்டு எஞ்சின், இரண்டும் மூன்று சிலிண்டர். சிக்னலில் நின்றால் டேஷ்போர்டில் ஒட்டிய முருகன் சிலையும் சேர்ந்து நடுங்கும். அது கோளாறு இல்லை, மூன்று சிலிண்டரின் குணம். சந்தைக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட இதைவிட வசதியான காடி கிடையாது. எந்தச் சந்திலும் திரும்பும். ஆண்டுச் சாலை வரியும் 20 வெள்ளி (ரிங்கிட்) தான். டத்சனுக்கு 55, சாகா 1.3க்கு 70. இந்த வித்தியாசத்தை ஒரு பெரிய வாதமாகத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஆண்டுக்கு 50 வெள்ளி, அவ்வளவுதானே?

பெரிய வாதம் வேறு இடத்தில் இருக்கிறது. ஈப்போவிலிருந்து கோலகங்சார் நோக்கி நெடுஞ்சாலையில் ஏறுங்கள். மெனோரா சுரங்கத்துக்கு முன்னால் அந்த நீண்ட ஏற்றம். நாலு பேர், ஏர்கோன், பழைய 660 என்றால் கியரைக் குறைத்து இடது ஓரமாக லோரிகளுக்குப் பின்னால் ஊர வேண்டும். 850 பரவாயில்லை, ஆனாலும் மூச்சு வாங்கும். செமோர் வழியான பழைய சாலையில் போனால் இந்தத் தொல்லை இல்லை. அப்படியென்றால் நேரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்.

சாகா அங்கே அலட்டாமல் ஏறும். 1985இல் மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயை அடியொற்றி வந்த காடி, 1.3 எஞ்சின் 1298 சிசி. அதே உடம்பு பெயரும் முகமும் மாறி 2008 வரை ஓடியதால் பட்டறைக்காரர் புத்தகம் பார்க்காமலே பிரித்து மாட்டுவார், சாமானும் பக்கத்திலேயே கிடைக்கும். பின் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும், குழியில் டத்சனைப் போல முதுகைத் தட்டாது. டிக்கியும் கல்யாண வீட்டுச் சாமான் கொள்ளும் அளவுக்கு உண்டு.

சாகாவின் குறையும் சொல்ல வேண்டும்: பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் அழுக்கடைந்தால், காடி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம் (ஐடில்) ஏறி இறங்கி ஆட்டம் காட்டும். இந்த வேலை தெரிந்த பழைய கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

வாங்கப் போகிறவர்கள் பெயிண்ட் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். காலடி விரிப்பைத் தூக்கிக் கையை வைத்துப் பாருங்கள். தகடு ஈரமாக, பொருபொருவென்று உதிர்ந்தால் எந்த மாடலாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். சாகாவோ கஞ்சிலோ, பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று உரிமையாளரால் சொல்ல முடியவில்லையா? சாவி கைக்கு வந்ததும் நேரே பட்டறைக்கு ஓட்டுங்கள்.