பத்துக் கட்டளைச் சுவர்ப்படம்: வாங்கும் முன் மேல்வரியைப் பாருங்கள்

வீட்டுக்கும் ஞாயிறு பள்ளிக்கும் வாங்கும் பத்துக் கட்டளைப் படங்கள் பொதுவாக நான்கு வகையில் வருகின்றன: பத்தே வரியில் அடக்கிய சுருக்கப் படம், இரட்டைக் கற்பலகை வடிவில் மரத்திலோ உலோகத்திலோ செய்த அலங்காரப் பலகை, யாத்திராகமம் (வேதாகமத்தின் இரண்டாம் நூல்) 20-ஆம் அதிகாரக் கட்டளைகளை முழுதாக அச்சிட்ட வசனப் படம், ஞானோபதேச (சபையின் விசுவாசப் பாட) வகுப்புக்கான விளக்கப் படம். தாளும் அச்சும் சட்டமும் அப்புறம். முதல் கட்டளைக்கு மேலே யாத்திராகமம் 20:2 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்: "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே."

சுருக்கப் படங்கள் பலவற்றில் இந்த வரிதான் முதலில் பலியாகிறது. முன்னுரைதானே, போனால் என்ன என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. ஆனால் வேதத்தின் வரிசையைப் பாருங்கள். எகிப்தைவிட்டுப் புறப்பட்ட இரவின் பஸ்கா 12-ஆம் அதிகாரம், கடலைக் கடந்தது 14, சீனாய் மலையடிவாரம் 19, கட்டளைகள் 20. ஜனங்கள் விடுதலையாகி வந்த பிறகுதான் கட்டளை கைக்கு வருகிறது. இவற்றைக் கைக்கொண்டால் உன்னை எகிப்திலிருந்து மீட்பேன் என்று தேவன் எங்கேயும் பேரம் பேசவில்லை. யூத மரபு இந்த வரியையே பத்து வார்த்தைகளில் முதலாவதாக எண்ணுகிறது. அதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது யார் சொன்னது, ஏன் சொன்னது என்று தெரியாத தடைப் பட்டியல். அதைப் பார்த்து வளரும் பிள்ளை கீழ்ப்படிந்தால்தான் கடவுள் நேசிப்பார் என்று புரிந்துகொண்டால் அதன்மேல் குற்றமில்லை.

அடுத்ததாக ஓய்வுநாள் கட்டளை. சுருக்கப் படத்தில் "ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க நினைப்பாயாக" என்பதோடு நின்றுவிடும். படித்தால் ஏதோ சடங்கு விதிபோல் தோன்றும். முழு வசனத்தில் (20:10) வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசல்களுக்குள் இருக்கும் அந்நியன் எல்லோருக்கும் ஓய்வு சொல்லப்பட்டிருக்கிறது. இதற்கு எதிர்ப்பக்கம் யாத்திராகமம் 5-இல் இருக்கிறது: வைக்கோல் தரமாட்டேன், செங்கல் கணக்கு மட்டும் குறையக்கூடாது, ஓய்வு கேட்டால் சோம்பேறிகள் என்கிறான் பார்வோன். அந்தக் கட்டளையின் கீழ் இருந்தவர்களுக்குத்தான் இந்தக் கட்டளை வருகிறது. உபாகமம் 5:15 காரணத்தையும் வெளிப்படையாகவே சொல்கிறது: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்று நினைத்துக்கொள். யாத்திராகமம் 20:11 தரும் காரணம் வேறு, அது ஆறு நாள் படைப்பு. இரண்டு காரணங்களையும் சேர்த்து அச்சிட்ட படம் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

எண் விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் நிறைய. கத்தோலிக்க, லுத்தரன் முறையில் விக்கிரகத் தடை முதல் கட்டளைக்குள் அடங்கும், பிறனுடையதை இச்சிக்காதே என்பது இரண்டாகப் பிரிந்து 9, 10 ஆகும். சீர்திருத்த சபைகள், ஆங்கிலிக்கன், ஆர்த்தடாக்ஸ் முறையில் விக்கிரகம் தனியாக 2, இச்சை முழுதும் 10. ஆகவே "கொலை செய்யாதிருப்பாயாக" ஒரு படத்தில் 5, இன்னொன்றில் 6. இரண்டும் சரிதான். ஆனால் வகுப்பில் ஒரு எண், சுவரில் ஒரு எண் என்று இருந்தால் மனப்பாடம் குழம்பிவிடும். உங்கள் சபையின் ஞானோபதேசத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கற்பலகை வடிவப் பலகைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பார்வைக்கு அழகு, பயன் குறைவு. சிலவற்றில் ரோமன் எண்கள் மட்டுமே இருக்கும். ஐந்துக்கு ஐந்து என்று பிரிப்பது யூத மரபில் உண்டு. ஆனால் தேவனிடம் அன்பு, பிறனிடம் அன்பு என்று பிரிக்கும் கிறிஸ்தவ சபைகள் வழக்கமாக 4-6 அல்லது 3-7 என்றே பிரிக்கின்றன.

முழு வசனப் படமே என் தேர்வு. இதில் உள்ள சிக்கல் இடம். விக்கிரகமும் ஓய்வுநாளும் மட்டுமே பாதிக்கு மேல் பிடித்துக்கொள்ளும். ஏ4 அளவில் இதை அடைத்தால் கொம்பும் சுழியும் ஒட்டிக்கொண்டு கண்ணைக் குத்தும். வீட்டுக்குக் குறைந்தது ஏ3, வகுப்பறைக்கு ஏ2 வேண்டும். பளபளப்பான லேமினேஷன் ஜன்னலுக்கு எதிரே வெறும் வெளிச்சமாகத்தான் தெரியும், மங்கல் பூச்சு கேளுங்கள். எழுத்து ஓரம்வரை போயிருந்தால் சட்டத்தின் உதடு கால் அங்குலத்தைத் தின்றுவிடும், முதலில் மறைவது மேல்வரிதான். முழுப் படத்தில் 20:6 இருப்பது பெரிய லாபம். "என்னிடத்தில் அன்புகூர்ந்து, என் கற்பனைகளைக் கைக்கொள்ளுகிறவர்களுக்கோ" என்று அன்பு கட்டளைகளின் நடுவிலேயே நிற்கிறது. அது புதிய ஏற்பாட்டில்தான் வந்தது என்று நினைப்பவர்களுக்கு விரலால் காட்டலாம்.

எழுத்துப்பிழையை ஒரு வரி விடாமல் பாருங்கள். 1631-இல் லண்டனில் அச்சான ஒரு வேதாகமத்தில் எதிர்மறைச் சொல் ஒன்று விழுந்துபோய், விபசாரம் செய் என்றே கட்டளை வந்துவிட்டது. அச்சிட்டவர்களுக்கு 300 பவுண்ட் அபராதம்.

விளக்கப் படங்களில் லுத்தரின் 1529 சிறிய ஞானோபதேசத்தைத் தழுவியவை தனித்து நிற்கின்றன. அவர் ஒவ்வொரு தடைக்கும் மறுபாதி சொல்கிறார்: கொலை செய்யாதே என்றால் பிறனுடைய உடல் தேவைகளில் உதவு, திருடாதே என்றால் அவன் உடைமையையும் பிழைப்பையும் காக்கத் துணைசெய், பொய்ச்சாட்சி சொல்லாதே என்றால் அவனைப் பற்றி நல்லதைப் பேசு. வளர்ந்த பிள்ளைகளுக்குச் சீர்திருத்த சபைகளின் 1563 ஹைடெல்பர்க் ஞானோபதேச வரிசை நல்லது. அது மனிதனின் அவலம், மீட்பு, நன்றி என்று மூன்று பாகம். பத்துக் கட்டளைகளின் விளக்கம் மூன்றாவதான நன்றியில் வருகிறது. நியாயப்பிரமாணம், அதாவது தேவனுடைய சட்டம், பாவத்தைக் காட்டும் கண்ணாடி என்பதும் அங்கே விடுபடவில்லை, முதல் பாகத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது. அது தேவைதான். ஆனால் மேல்வரி இல்லாத சுருக்கப் படம் அந்த ஒரு வேலையை மட்டுமே செய்யும்.

சில படங்களில் மத்தேயு 22:37-40-ஐப் பதினோராவது கட்டளைபோல் அடியில் ஒட்டியிருப்பார்கள். அது தவறு. இயேசு அங்கே உபாகமம் 6:5-ஐயும் லேவியராகமம் 19:18-ஐயும் எடுத்து முழுப் பிரமாணத்தையும் தொகுத்துச் சொல்கிறார். எண் போடாமல் தனிப் பெட்டியில் வருவதே முறை. பக்கத்தில் கலாத்தியர் 5:13 இருந்தால் இன்னும் நல்லது. சுயாதீனத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் அதை அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யப் பயன்படுத்தும்படி பவுல் அங்கே சொல்கிறார்.

சுருக்கப் படம் ஏற்கெனவே மாட்டியிருந்தால் கழற்ற வேண்டாம், சிறு பிள்ளைகள் மனப்பாடம் செய்ய அது போதும். இரண்டு அங்குல உயரத்தில் ஒரு தாள் வெட்டி, 20:2-ஐக் கட்டளை எழுத்தைவிடச் சற்றுப் பெரிதாக எழுதி, படத்தின் தலைப்புக்கும் முதல் எண்ணுக்கும் நடுவில் ஒட்டுங்கள். தலைப்புக்கு மேலே ஒட்டினால் அலங்கார வாசகம் என்று கண் தாண்டிப் போய்விடும்.