முப்பது ரெப்போ, ஒரு பொது லைப்ரரி: சோனார்க்யூப் நெடுநாள் பயன்பாட்டில் எப்படி?

ஒரு பொது லைப்ரரி, அதை நம்பி ஓடும் ஜாவா சர்வீஸ்கள், எல்லாம் மேவன் (பில்ட் கருவி), ஒவ்வொன்றும் தனி ரெப்போ. இப்படிப்பட்ட இடத்தில், கோடின் தரத்தை ஆராயும் கருவியான சோனார்க்யூப் ஒரு ப்ராஜெக்ட்டுக்குள் நன்றாகப் பார்க்கும். இரண்டு ப்ராஜெக்ட்டுகள் ஒட்டும் இடத்தை அது பார்ப்பதே இல்லை.

செலவு முதலில். இலவச கம்யூனிட்டி பதிப்பு மெயின் பிராஞ்சை மட்டுமே ஆராயும். புல் ரிக்வெஸ்ட்டிலேயே முடிவு தெரியவும், பல ப்ராஜெக்ட்டுகளை ஒரே ‘அப்ளிகேஷனாக’ப் பார்க்கவும் டெவலப்பர் பதிப்பு வேண்டும். கட்டணம் கோட் வரிக் கணக்கில் என்பதால், ரெப்போவிலேயே கமிட் செய்து வைத்திருக்கும் ஜெனரேட்டட் கோடை விலக்கிவிடுங்கள். யாரும் எழுதாத வரிக்கு எதற்குப் பணம்? கூடவே வரும் ஹெச்2 டேட்டாபேஸ் சோதித்துப் பார்க்க மட்டும்தான், போஸ்ட்கிரெஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

நிறுவுவது எளிது. ஆனால் தவறான எண்களைக் காட்டினாலும் கேட் (கோடின் தரம் தேறியதா என்று சொல்லும் சோதனை) பச்சையாகவே இருக்கும். பெரும்பாலும் காரணம் ஷாலோ குளோன். கிட்ஹப் ஆக்ஷன்ஸின் செக்அவுட் கடைசி கமிட்டை மட்டும் எடுத்துவரும்; பிளேம் தகவல் (ஒவ்வொரு வரியையும் யார், எப்போது மாற்றினார்கள் என்பது) இல்லாமல் எது புதிய வரி, எது பழைய வரி என்று சோனாரால் பிரிக்க முடியாது. ஃபெட்ச் டெப்த்தை 0 ஆக்கினால் தீரும்.

‘புதிய கோட்’ எது என்பதை ‘முந்தைய வெர்ஷன்’ என்று வைப்பது, ரிலீஸ் போடும் லைப்ரரிக்குப் பொருந்தும். போம் ஃபைலில் (மேவனின் ப்ராஜெக்ட் விவரக் கோப்பு, pom.xml) வெர்ஷனையே மாற்றாமல் தினமும் டிப்ளாய் ஆகும் சர்வீஸில் அந்தக் காலகட்டம் வளர்ந்துகொண்டே போகும். அங்கே 30 நாள் என்று வைப்பது நல்லது, உச்சவரம்பு 90.

கவரேஜை (டெஸ்ட்டுகள் கோடில் எவ்வளவு பகுதியை ஓட்டுகின்றன என்பதை) சோனார் அளப்பதில்லை, அதை அளக்கும் ஜாகோகோ தரும் எக்ஸ்எம்எல்லைப் படிக்கிறது, அவ்வளவுதான். ஒரு மாட்யூலின் டெஸ்ட் இன்னொரு மாட்யூலின் கோடை ஓட்டினால், மாட்யூல் வாரியான ரிப்போர்ட்டில் அது வராது. எல்லா மாட்யூல்களையும் டிபென்டென்சியாகக் கொண்ட தனி மாட்யூல் ஒன்று வைத்து, அதில் ‘ரிப்போர்ட் அக்ரிகேட்’ ஓட்ட வேண்டும். அந்த எக்ஸ்எம்எல்லின் பாதையை ரூட் டைரக்டரியிலிருந்து முழுதாகக் கொடுங்கள். ரிலேட்டிவ் பாதை ஒவ்வொரு மாட்யூலிலும் வேறு இடத்தைக் காட்டும். இதெல்லாம் ஒரே ரெப்போவுக்குள்தான். சர்வீஸின் டெஸ்ட்டுகள் லைப்ரரியை எவ்வளவு ஓட்டினாலும் லைப்ரரியின் கவரேஜில் சேராது. அதுவும் சரிதான்: சோனாரின் இயல்பு கேட்டான ‘சோனார் வே’ புதிய கோடுக்குக் கேட்கும் 80 சதவீதத்தை லைப்ரரி தன் டெஸ்ட்டுகளாலேயே எட்டட்டும்.

டூப்ளிகேஷனிலும் இதே கதை. ஜாவாவில் தொடர்ந்து 10 ஸ்டேட்மென்ட் ஒத்துப்போனால் பிடிக்கும், இயல்பான அமைப்பில் ப்ராஜெக்ட்டுக்குள் மட்டும். ஒரே யூட்டிலிட்டி கிளாஸை ஐந்து ரெப்போவில் காப்பி அடித்திருந்தால் ஐந்திலும் பூஜ்யம். எல்லா சோர்ஸையும் ஒரே டைரக்டரியில் இறக்கி, பிஎம்டியின் சிபிடியை (காப்பி அடித்த கோடைக் கண்டுபிடிக்கும் கருவி) 100 டோக்கன் வரம்போடு ஓட்டினால் வெளியே வந்துவிடும்.

உண்மையான ஆபத்து வேறு. லைப்ரரியில் ஒரு பப்ளிக் மெத்தடை நீக்குகிறார்கள், லைப்ரரி பச்சை. சர்வீஸ் புது வெர்ஷனுக்கு மாறுகிறது, கம்பைல் ஆகிறது, அதுவும் பச்சை. ஆனால் சர்வீஸ் இழுத்துவரும் இன்னொரு ஜார் பழைய வெர்ஷனோடு கம்பைல் ஆனது. ரன்டைமில் ‘நோ சச் மெத்தட் எரர்’. இதைத் தடுக்க லைப்ரரியின் பில்டில் ரெவ்ஏபிஐ என்ற ஏபிஐ ஒப்பீட்டுக் கருவியை வைத்து, கடைசி ரிலீஸோடு பைனரி இணக்கத்தை ஒப்பிட வேண்டும். ஸ்டாட்டிக் ஃபைனல் கான்ஸ்டன்ட்டின் மதிப்பை மாற்றினால் சர்வீஸையும் மறுபடி கம்பைல் செய்யுங்கள். பழைய மதிப்பு அதன் கிளாஸ் ஃபைலுக்குள்ளேயே பதிந்திருக்கும்.

மேவனின் ‘டிபென்டென்சி அனலைஸ்’ பைட்கோடை மட்டும் பார்க்கும். ரிஃப்ளெக்ஷனில் லோடாகும் ஜார்களையும் ஸ்பிரிங் ஸ்டார்ட்டர்களையும் ‘பயன்படவில்லை’ என்று சொல்லும். அதை நம்பி நீக்கிவிடாதீர்கள். மேவன் என்ஃபோர்சர் ப்ளக்இன்னின் ‘டிபென்டென்சி கன்வர்ஜென்ஸ்’ விதியை (ஒரே டிபென்டென்சி வெவ்வேறு வெர்ஷன்களில் வரக்கூடாது என்பது) பேரன்ட் போமில் போட்டால் முதல் நாளே பல பில்டுகள் விழும். முதலில் எச்சரிக்கையாக மட்டும் வைத்து, வெர்ஷன்களை ஒரு பாம் (BOM, வெர்ஷன் பட்டியல்) ஃபைலுக்குக் கொண்டுவந்து முடித்த பிறகு பில்டை நிறுத்தும்படி மாற்றுங்கள்.