ராமநாதபுரத்தில் ஒலி வைத்தியம்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

துபாயிலிருந்து விடுமுறைக்கு வரும் கீழக்கரைக்காரர்களுக்குப் பாதி நாள் ஆஸ்பத்திரியில்தான் கழியும். இந்த முறை எனக்கு உம்மாவின் வலது தோள். கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை. நெடுநாள் சர்க்கரை இருப்பவர்களுக்குத் தோள் இறுகுவது அதிகம் என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன்.

ராமநாதபுரத்தில் ஒரு பிசியோதெரபி மையத்துக்குப் போனோம். அங்கே கொடுத்தது அல்ட்ராசவுண்ட், ஸ்கேன் இல்லை, காதுக்குக் கேட்காத ஒலியால் தரும் சிகிச்சை. நம் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் எட்டும். இந்தக் கருவியில் நொடிக்கு 10 லட்சம் அதிர்வு. இடையில் காற்று இருந்தால் ஒலி தோலுக்குள் போகாமல் திரும்பிவிடும், அதற்குத்தான் அந்தக் குளிர்ந்த ஜெல். ஆரம்பிக்கும் முன்பே சிகிச்சை தந்த பெண், "உம்மா, இங்க தொட்டா நல்லாத் தெரியுதா? சூடு பட்டா உடனே சொல்லணும்" என்று கேட்டார். உணர்ச்சி மங்கிய இடத்தில் சூடு ஏறினாலும் தெரியாது, புண்ணாகிவிடும். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. அதைவிடப் பிடித்தது அப்புறம் சொன்னது: "மெஷினை ரொம்ப நம்பாதீங்க. செவுத்துல விரலால மேல ஏறுற பயிற்சிதான் கையைத் தூக்க வைக்கும்." தோள்வலிக்கு அல்ட்ராசவுண்ட் மட்டும் பெரிய பலன் தரும் என்பதற்கு ஆய்வுகளில் வலுவான ஆதாரம் இல்லை. காசு வாங்குகிறவரே அதைச் சொன்னது அபூர்வம்.

மச்சான் ஒருவர் விடாமல் சொன்னதால் மண்டபம் பக்கம் கடலோர விடுதி ஒன்றுக்கும் போனோம். பாயில் படுக்க வைத்து, சுற்றிலும் வெண்கலக் கிண்ணங்களைத் தட்டி ரீங்காரம் எழுப்புகிறார்கள். சும்மா சொல்லக் கூடாது, சுகமாக இருந்தது. உம்மா குறட்டையே விட்டார். அதோடு நிறுத்தியிருந்தால் சரி. சுவரில் 'சர்க்கரை குறையும், கிட்னி கல் கரையும்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அப்ப மாத்திரை? "மெல்ல மெல்ல நிறுத்திடலாம்" என்றார் நடத்துபவர். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒலியலையால் கல்லை உடைப்பது உண்மைதான். 1980-இல் ஜெர்மனியின் மியூனிக்கில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்தார்கள். ஆனால் அங்கே கல் இருக்கும் இடத்தைப் படம் பிடித்து, அதிர்ச்சி அலைகளை அந்த ஒரே புள்ளியில் குவிக்கிறார்கள். கல் பொடியாகிச் சிறுநீரில் போகிறது. அறை முழுக்கப் பரவும் கிண்ணச் சத்தத்துக்கு அந்த வேலை ஆகாது. ஓய்வுக்குப் போகிறவர்கள் போகலாம், மாத்திரையை மட்டும் கையோடு வைத்திருங்கள்.

பத்துப் பைசா செலவில்லாமல் கிடைத்ததுதான் உருப்படியான அதிர்வு. அரசு மருத்துவமனையின் சர்க்கரைப் பிரிவில் ஓர் இளம் டாக்டர், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி முதலில் உம்மாவின் மணிக்கட்டில் வைத்துக் காட்டினார். பிறகு கால் பெருவிரல் எலும்பில். "அதிர்வு நின்னதும் சொல்லுங்கம்மா." வைத்த வேகத்திலேயே "நின்னுருச்சு" என்றார் உம்மா. டாக்டர் அதைத் தன் விரலில் வைத்துப் பார்த்தார், இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. பாத நரம்பு பாதிக்கத் தொடங்கியிருக்கிறது என்று விளக்கினார். வெறுங்காலில் கடற்கரை மணலில் நடக்கக் கூடாது, தினமும் ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும், வீட்டுக்குள்ளும் செருப்பு.

உம்மாவுக்கு வீட்டுக்குள் செருப்புப் போடச் சொன்னதுதான் பெரிய சண்டை. தனியாக ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்த பிறகே ஒத்துக்கொண்டார். ஊருக்கு வருகிறவர்கள், சர்க்கரை உள்ள பெரியவர்களுக்கு வருடம் ஒரு முறையாவது இந்தப் பாதச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.