எங்கள் பேண்டின் பேரை எழுதாமல் எழுதும் பதிவு

பேண்டின் பேரை இங்கே எழுதமாட்டேன். வெட்கத்தால் இல்லை. அந்தப் பேர் இப்போது எங்களுடையது இல்லை, கோலாலம்பூரில் இருக்கும் ஒரு இசைத் தயாரிப்பாளருடையது. காசு போவது எல்லா பேண்டுக்கும் நடப்பதுதான். பேரே போகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நாங்கள் நான்கு பேர், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள். டிரம்மருக்குச் செம்பனை ஆலையில் ஷிப்டு வேலை. பேஸ் வாசிப்பவன் டயர் கடையில். பாடுகிறவன் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியர். நான் கித்தார், பகலில் லோரி. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட பழைய கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி அங்கேதான் பயிற்சி. டிரம்மர் சின்ன வயதில் கோயில் உறுமிக் குழுவில் அடித்தவன். அந்த அடியைக் கீழே போட்டு மேலே கித்தாரை அலறவிட்டோம். உறுமி வரைக்கும் தலையாட்டும் பாட்டிகள் கித்தார் வந்ததும் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போவார்கள்.

அப்பா மட்டும் உட்கார்ந்திருப்பார். அவர் 'ராக் காப்பாக்' என்ற பழைய மலாய் ராக் காலத்து ஆள், சர்ச், விங்ஸ் என்ற இரண்டு மலாய் ராக் குழுக்களின் கேசட்டெல்லாம் இன்னும் பெட்டியில் இருக்கிறது. 1992இல் நீளமுடிக்காரர்கள் அரசுத் தொலைக்காட்சி, வானொலியான ஆர்டிஎம்மில் தலைகாட்டக்கூடாது என்று தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட் தடை போட்டு, அந்த இரண்டு குழுவும் முடி வெட்டிக்கொண்ட கதையை மாதம் ஒரு முறையாவது சொல்வார். "அவங்களுக்கு முடிதான் போச்சு, உங்களுக்குப் பேரே போச்சு" என்று இப்போது கூடுதலாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் திருவிழா, கல்யாணம் எல்லாம் நின்றன. ஒன்றரை வருஷம் மேடையே இல்லை. யாராவது கூப்பிடமாட்டார்களா என்று காய்ந்து கிடந்த நேரத்தில்தான் அந்தத் தயாரிப்பாளர் செய்தி அனுப்பினார். ஈப்போவில் ஒரு மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், சந்தித்தோம். ஒப்பந்தம் 14 பக்கம், எல்லாம் ஆங்கிலம்.

"அண்ணே, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சிட்டு வர்றோமே."

"தம்பி, நம்பிக்கை இல்லேன்னா எப்படி? ஸ்டூடியோ அடுத்த வாரம் புக் ஆயிருச்சு."

நான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம். விளம்பரச் செலவுக்கென்று ஆளுக்கு 1,500 வெள்ளியும் (ரிங்கிட்) கொடுத்தோம். அவர் பத்து வெள்ளி முத்திரை வரி கட்டி, முறையாக முத்திரை குத்தி ஒரு பிரதியை அஞ்சலில் அனுப்பினார். ஏமாற்றுகிறவனுடைய காகிதம் அரைகுறையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இவருடையது என் கல்யாணப் பத்திரிகையைவிடச் சுத்தமாக இருந்தது.

மூன்றே நாளில் ஆறு பாட்டுப் பதிவு செய்தோம். ஒன்றரை வருஷம் கழித்துக் கணக்கு வந்தது. வருமானம் 212 வெள்ளி 60 காசு. எங்கள் கடன் 18,400 வெள்ளி. ஸ்டூடியோ வாடகை (ஸ்டூடியோவே அவருடையதுதான்), மிக்ஸிங், போக்குவரத்து, அப்புறம் சாப்பாடு. அந்த மூன்று நாள் அவர் அன்பாக வாங்கிக்கொடுத்த நாசி லெமாக்குக்குத் தனி வரி போட்டிருந்தார். இதையெல்லாம் பாட்டு வருமானத்தில் கழித்துத் தீர்த்த பிறகுதான் எங்களுக்கு முதல் காசு. 212 வெள்ளி வேகத்தில் எப்போது தீரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தெரிந்த வழக்கறிஞர் அக்கா ஒருவர் காகிதத்தைப் படித்துவிட்டு, முதலில் ஒரு சொல்லைத்தான் விரலால் காட்டினார். 'அசைன்'. லைசென்ஸ் என்றால் வீட்டை வாடகைக்கு விடுவது, அசைன் என்றால் கிரயம் எழுதிக் கொடுப்பது என்றார். 1987 பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தில் கொடுக்காமல் பாட்டின் உரிமை கைமாறாது. நாங்கள் எழுத்தில் கொடுத்திருக்கிறோம், உலகம் முழுவதுக்கும். பாட்டை இயற்றியவர் என்று எங்கள் பேரைப் போட வேண்டிய உரிமை தனியாக இருக்கிறதாம். அது மட்டும் மிச்சம்.

பாட்டு போனாலும் மேடை இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். 2023 தீபாவளிக்கு ஒரு நிகழ்ச்சியில் வாசிக்க ஒத்துக்கொண்டு போஸ்டரும் வந்துவிட்டது. நான்காம் நாள் ஏற்பாட்டாளருக்கு வக்கீல் நோட்டீஸ். அந்தப் பேர் பதிவு செய்யப்பட்ட வணிகச் சின்னம், உரிமையாளர் அனுமதி இல்லாமல் பயன்படுத்தக்கூடாது. வணிகச் சின்னங்களைப் பதிவு செய்யும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவின் இணையதளத்தில் தேடினேன், அங்கே தேடுவதற்குக் காசு கூட இல்லை. பொழுதுபோக்குச் சேவைகளுக்கான 41ஆம் வகுப்பில், அந்தத் தயாரிப்பாளர் தன் பேரில், நாங்கள் கையெழுத்துப் போட்ட மூன்றாவது வாரம் விண்ணப்பித்திருக்கிறார். பதிவு பத்து வருஷத்துக்கு, அப்புறம் புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஒப்பந்தத்தின் 11ஆம் பக்கத்தில் அதற்கு நாங்கள் சம்மதித்த வரியும் இருந்தது. ஸ்டூடியோவில் அவர் அடிக்கடி "பேரு சூப்பரா இருக்கு, யாரு வெச்சது?" என்று கேட்டது ஞாபகம் வந்தது. பாட்டு சூப்பர் என்று ஒரு தடவை கூடச் சொன்னதில்லை.

எங்கள் பக்கத்துச் சின்ன பேண்டுகளுக்கு, உறுமிக் குழுக்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: பேரை முதலில் உங்கள் பேரில் பதியுங்கள். பாட்டுக்கும் மைஐபிஓவில் 2012 முதல் தன்னார்வ அறிவிப்பு முறை இருக்கிறது. காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோக விடாதவரிடம் தே தாரிக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள், காசை நீங்களே கொடுத்துவிட்டு.

பேரை மீட்க வழியே இல்லையா என்று அக்காவைக் கேட்டேன். அந்த 11ஆம் பக்கம் கஷ்டம்தான், ஆனாலும் அவருக்கு முன்பிருந்தே நீங்கள் பயன்படுத்தியதற்குத் தேதியோடு ஆதாரம் இருந்தால் பேசிப் பார்க்கலாம் என்றார். முதல் கச்சேரி 2017 கோயில் திருவிழா. பேர் பெரிதாகப் போட்டு பேனர் அடித்திருந்தோம். தேடிப் போனால், டிரம்மர் வீட்டு ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகக் கிடக்கிறது. பேர் அப்படியே பளிச்சென்று இருக்கிறது. தேதி போட்டிருந்த மூலையை ஆடு தின்றுவிட்டது.

பேனர் அடித்துக் கொடுத்த கடைக்காரர் பழைய கணினியை இன்னும் வைத்திருக்கிறாராம். நாளைக்கு ஷிப்டு முடிந்ததும் டிரம்மரையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.