பொதுக் கூட்டமா, குலுக்கல் குழுவா?

ஒரு தெருவை ஒருவழிப்பாதை ஆக்கலாமா என்று உள்ளாட்சி மன்றம் மக்களைக் கேட்க இரண்டு வழிகள் உண்டு: விரும்பியவர் வந்து பேசும் பொதுக் கூட்டம் ஒன்று; குலுக்கலில் தேர்ந்த பொதுமக்கள் கூடி விவாதித்துப் பரிந்துரை சொல்லும் குழு இன்னொன்று.

பொதுக் கூட்டத்துக்குச் செலவு குறைவு. அரங்கு, மைக், முன்னறிவிப்பு இருந்தால் சில வாரங்களில் முடித்துவிடலாம். சிக்கல், வருபவர்கள் யார் என்பதில். நேரம் இருப்பவரும் கோபம் இருப்பவரும் வருவார்கள். இரவு ஷிஃப்ட்காரரும் கைக்குழந்தை வைத்திருப்பவரும் வரமாட்டார்கள். முதல் அரைமணி நேரம் மைக் யார் கையில் இருக்கிறதோ, கூட்டம் அவர் பக்கமே சாயும். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று வரையறுத்து, எழுத்துக் கருத்தையும் வாங்கினால் ஓரளவு சமாளிக்கலாம்.

குலுக்கல் குழுவுக்கு வேலை அதிகம். முகவரிப் பட்டியலிலிருந்து குலுக்கி ஆயிரக்கணக்கில் அழைப்பு அனுப்ப வேண்டும். பதில் போடுபவர்கள் சொற்பமே. சம்மதித்தவர்களை வயது, பாலினம், பகுதி, கல்வி வாரியாகப் பிரித்து மீண்டும் குலுக்க வேண்டும். இரண்டாவது குலுக்கலைத் தவிர்த்தால் படித்த, வயதான முகங்களே மிஞ்சும். தினப்படியும் குழந்தைப் பராமரிப்பும் கொடுக்காவிட்டாலும் அதே கதைதான். அயர்லாந்து 2016இல் இத்தகைய குழுவுக்கு 99 பேரைத் தேர்ந்து, ஒரு தலைவரையும் அமர்த்தியது.

பரிந்துரை அலமாரியில் தூங்குவதுதான் இம்முறையின் பெரிய நோய். பெல்ஜியத்தில் தனி நாடாளுமன்றம் உள்ள ஜெர்மன் மொழிச் சமூகம் 2019இல் தொடங்கிய நிரந்தர அமைப்பில் இதற்கு மருந்து இருக்கிறது: பரிந்துரையை ஏற்காவிட்டால் அந்த நாடாளுமன்றம் காரணம் சொல்லியாக வேண்டும்.

தெருவிளக்குக்குக் கூட்டமே போதும். ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு நட்டம் என்று வரும் இடத்தில் குலுக்கலுக்கே என் ஓட்டு.