மூன்றடுக்கு மண்பானை உரத்தொட்டி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

நால்வர் கொண்ட எங்கள் வீட்டுச் சமையலறைக் கழிவுக்காக வாங்கிய மூன்றடுக்கு மண்பானை உரத்தொட்டியை ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். காய்கறித் தோல்களில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஈரமும் மிகுதி. ஆகவே ஒவ்வொரு நாளும் அவற்றின் மேல் தென்னைநார்த் தூளையோ காய்ந்த சருகையோ தூவி, கரிமமும் (கார்பன்) தழைச்சத்தும் ஏறத்தாழ 30-க்கு 1 என்ற விகிதத்தை நெருங்கச் செய்தால்தான், காற்றை விரும்பும் நுண்ணுயிரிகள் நாற்றமின்றி வேலை செய்கின்றன. மழைக்காலத்தில் இதை நான் தவறவிட்டபோது புழுக்கள் பெருகின. மூடியும் சரியாகப் பொருந்தவில்லை. விற்றவர்கள் அதை மாற்றித் தரவுமில்லை.

முன்பு வைத்திருந்த மண்புழுத் தொட்டி தந்த உரம் இதைவிட நயமானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் சென்னையின் மே மாத மொட்டைமாடி வெயிலை மண்புழுக்கள் தாங்கவில்லை. கழிவிலிருந்து எரிவாயு உண்டாக்கும் வீட்டு உயிரிவாயுக் கலன் மீந்த சோற்றையும் குழம்பையும் ஏற்று, மீத்தேனை அடுப்புக்கும் கரைசலைச் செடிக்கும் தருகிறது. எனினும், நாள்தோறும் தீனி கேட்கும் அதற்கு எங்கள் அடுக்ககத்தில் இடமில்லை. பொகாஷி என்ற ஜப்பானிய முறையில், காற்றுப்புகாத வாளியில் நுண்ணுயிரிகள் கலந்த தவிட்டுடன் இரண்டு வாரம் புளிக்கவைத்த கழிவைப் பின்னர் மண்ணில் புதைக்க வேண்டும். மாடித்தோட்டம் உள்ளோருக்கு மண்பானையையே பரிந்துரைக்கிறேன். மூடியை மட்டும் கடையிலேயே பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.