பாளையங்கோட்டையில் இரண்டு கல்லூரிகள்: எம்.பி.பி.எஸ்.ஸா, சித்தாவா?

நீட் மதிப்பெண் வந்ததும் நம்ம பக்கத்து வீடுகளில் கேட்கும் பேச்சு இது: "எம்.பி.பி.எஸ். கிடைக்கலைன்னா சித்தாவுல போட்டுருவோம்." சித்தாவை இப்படிக் கடைசிக்கு ஒதுக்குவது சரியில்லை.

இரண்டில் மூத்தது சித்தா கல்லூரிதான். அது தொடங்கியது 1964இல். பாளையங்கோட்டையின் ஐகிரவுண்ட் பகுதியில் எம்.பி.பி.எஸ். படிப்புக்கான திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி வந்தது 1965இல். அதுவரை நெல்லைப் பிள்ளைகள் டாக்டருக்குப் படிக்க மதுரைக்கோ சென்னைக்கோ போனார்கள். சித்தாவில் கதை தலைகீழ். இன்னொரு அரசு சித்தா கல்லூரி வரும்வரை, சென்னைக்காரர்களும் சித்தா படிக்கப் பாளையங்கோட்டைக்குத்தான் வந்தாக வேண்டும்.

இரண்டுக்கும் நீட் உண்டு. பயிற்சி வருடத்தோடு ஐந்தரை ஆண்டுப் படிப்பு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் இரண்டிலும் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். இடங்கள் 250, சித்தா 100.

ஐகிரவுண்டின் பெரிய பலம் அங்குள்ள ஆஸ்பத்திரிக்கு வரும் கூட்டம். வயலில் பாம்பு கடித்தவர், நாற்கரச் சாலையில் அடிபட்டவர், தென்காசிப் பக்கமிருந்து அனுப்பப்பட்ட பிரசவக் கேஸ் என்று ராத்திரி பகல் பார்க்காமல் வருவார்கள். அறுவை சிகிச்சை, அவசரப் பிரிவு என்று மனசு இருக்கும் பிள்ளைக்கு வேறு யோசனையே வேண்டாம்.

சித்தாவில் படிப்பே வேறு மாதிரி. நாடி பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். நெய்க்குறி பலருக்குத் தெரியாது. நோயாளியின் சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெயை அசையாமல் விடுவார்கள். அது பாம்பு மாதிரி நீண்டால் வாதம், மோதிரம் மாதிரி வளைந்தால் பித்தம், முத்தாக நின்றால் கபம். மருந்துச் சரக்குகளின் குணத்தைச் சொல்லும் குணபாடத்தில் மூலிகையை முகர்ந்தும் தொட்டும் அடையாளம் காண வேண்டும். நிலவேம்புக் குடிநீருக்கே ஒன்பது சரக்கு. பாடம் பெரும்பாலும் பழைய செய்யுளில் இருப்பதால், தமிழ் சரளமாக வராத பிள்ளை முதல் வருடமே திணறும்.

வேலை விஷயத்தை மறைக்கக் கூடாது. அரசு சித்த மருத்துவர் பணியிடங்கள் குறைவு, எம்.டி. மேற்படிப்பு இடங்களும் குறைவு. சொந்தமாக மருத்துவம் பார்க்கத் துணிவு வேண்டும். இதெல்லாம் தெரிந்தும் செடியிலும் செய்யுளிலும் ஆசை குறையாத பிள்ளையை, எம்.பி.பி.எஸ். கிடைக்கிற மதிப்பெண் இருந்தாலும், தடுக்காதீர்கள்.

அப்புறம், சித்தாவுக்கு விண்ணப்பமும் கலந்தாய்வும் தனி. எம்.பி.பி.எஸ். பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்து அந்தத் தேதியை விட்டுவிடாதீர்கள்.